ஏழாவது குழாய்

ஜனவரி 19, திங்கள்

இன்று நான் சொல்லாமல் விட்டது: ஏழாவது குழாயில் இருப்பது ஆணின் செல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பதினொன்றாவது குழாயில் இருப்பது பெண்ணின் செல் இல்லை.

காலையில் பனி. வானகரம் வழியாக ஷேர் ஆட்டோ. டிரைவர் கண்ணாடியைத் துணியால் துடைப்பதும் ஓட்டுவதுமாக வந்தார். அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் யாரும் பேசவில்லை, பனி பேச்சையும் சேர்த்து மூடிவிட்ட மாதிரி. ஆபீசுக்குக் கீழே லேத் பட்டறையில் எட்டரைக்கே இரும்பு வாசனை.

பதினோரு மணிக்கு மேடமும் செல்வி அக்காவும் வந்தார்கள். மேடம் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் தலைவர். செல்வி அக்கா அவரிடம் பிஎச்.டி. கடைசி வருஷம். ஆய்வு, சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றி. சிலருக்கு ஆறுகிறது, சிலருக்கு ஆறுவதே இல்லை, ஏன்? புண்ணின் ஓரத்தில் கிள்ளி எடுத்த சதை, ஆளுக்கு ஒரு குழாய். ஒவ்வொரு குழாயிலும் பாதியை எடுத்து எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று படித்தார்கள். மீதிப் பாதியில் எந்தப் புரதம் எவ்வளவு என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் எங்கள் சாஃப்ட்வேர் செய்யும் வேலை.

சுவரில் படம் விழுந்தது. ஆறாதவர்கள் வரிசையில் ஒரே ஒரு புரதம் மட்டும் ரத்தச் சிவப்பு. ஆறியவர்கள் வரிசையில் நீலம்.

மேடம் மேஜையைத் தட்டினார். "ஜீனும் அதையே சொல்லுது, புரதமும் அதையே சொல்லுது. ரெண்டு சாட்சி! இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

செல்வி அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அவளுக்கு சினாப்சிஸ். ஆய்வு முடிந்தது என்று கமிட்டி முன்னால் நின்று சொல்லும் நாள். அது தாண்டினால் எழுதுவது மட்டும்தான் பாக்கி.

சுவரில் தெரியாமல் என் லேப்டாப்பில் மட்டும் தெரிந்த மஞ்சள் வரி: "சாம்பிள் 7: ஆண்/பெண் பால் பொருந்தவில்லை. சாம்பிள் 11: ஆண்/பெண் பால் பொருந்தவில்லை."

நான் சொன்னது: "கலர் மாத்தணும்னா சொல்லுங்க அக்கா."

அவர்கள் போன பிறகு வந்த மசால் வடை நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.


ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. தொண்டை கரகரப்பு. மிளகு வாங்க வேண்டும்.

காலையில் முதல் வேலையாக மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே மஞ்சள் வரி. வேறு முறையில் பார்த்தேன். அதேதான். ஏழு, ஓர் ஆணுடைய பெயரில் இருக்கிறது, ஆறாத புண். ஆனால் பெண்களின் செல்லில் மட்டும் வேலை செய்யும் ஜீன் அதில் உச்சத்தில் இருக்கிறது. பதினொன்று, ஒரு பெண்ணின் பெயரில், ஆறிய புண். ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஜீன்கள் அதில் வரிசையாக எழுந்து நிற்கின்றன.

குழாய் மாறியிருக்கிறது. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மேடம் சொன்ன இரண்டு சாட்சி நாள் முழுக்கத் தலைக்குள். இரண்டும் ஒரே குழாயிலிருந்து வந்தவை. ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து ஒரே சாட்சி சொன்னால் அது எப்படி இரண்டாகும்?

தினேஷ் பக்கத்து நாற்காலி. சாஃப்ட்வேரில் எங்கே ஓட்டை என்று தேடுவது அவன் வேலை. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். எஸ்டேட்டில் பாதி அவன் தாத்தாவின் வயல் என்பான். எந்தப் பாதி என்று கேட்டால் அன்றைக்கு எங்கே நிற்கிறோமோ அந்தப் பாதி.

"இன்னாம்மா, மூஞ்சி சார்ஜ் இல்லாத போனு மாரி கீது?"

காட்டினேன். குனிந்து படித்தான். விசிலடிக்க வாயைக் குவித்துவிட்டு அடிக்காமல் விட்டான்.

"இத்த நேத்தே பாத்தியா?"

"மீட்டிங்ல."

"பாத்துட்டு வடை துன்னுகினு இருந்தியா நீ? பெரிய ஆளும்மா."

இந்த மஞ்சள் வரி நான் எழுதியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரும் கேட்காமலே. ஒரு வாடிக்கையாளருக்கு இது வந்து, அவர் கோபப்பட்டு, உங்கள் டூல் தப்பு என்று சண்டை போட்டார். அதன்பின் எங்கள் மேனேஜர் பிரபு சார் இதை மறைத்து வைக்கச் சொன்னார். இப்போது எங்களுக்கு மட்டும் தெரியும். நாங்களும் பார்ப்பதில்லை.

பிரபு சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கேட்டுவிட்டுப் பேனாவை மூடித் திறந்தார்.

"யமுனா, டெய்லர் கடைல துணி குடுக்கிறாங்க, தச்சுக் குடுக்கிறோம். துணி யாரோடதுன்னு கேப்பமா?"

"இல்ல சார்."

"சொல்ல வேணாம்னு நான் சொல்லல. நம்ம பக்கத்திலேருந்து மெயில்ல எதுவும் வேணாம். அவ்ளோதான்."

திரும்பும்போது ஆட்டோவில் பதில் தோன்றியது. அளவு பொருந்தலைன்னா டெய்லர் கேப்பான் சார். எனக்குப் பதில்கள் எப்போதும் வானகரம் தாண்டித்தான் வருகின்றன.


ஜனவரி 21, புதன்

வெயில். துணி காய்ந்தது.

செல்வி அக்கா போன். படத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறதாம், கமிட்டியில் ஒருவருக்குக் கண் சரியில்லையாம். பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். அப்புறம் அவள் போனை வைக்கவில்லை.

"பாப்பா நேத்து போன்ல 'நீ யார் பேசுற'ன்னு கேட்டுச்சுப்பா. சும்மா விளையாட்டுக்குத்தான். அத்தை பின்னாடி சிரிக்கிறாங்க, கேக்குது."

பாப்பாவுக்கு நாலு வயது ஆகப் போகிறது. ஆரணியில் அக்காவின் மாமியாரிடம் வளர்கிறது. வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, ஷிப்ட். அக்கா இங்கே ஹாஸ்டலில். ஹாஸ்டலில் குழந்தை கூடாது. லேபில் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று செல்களுக்குத்தான் தெரியும். அதனால் இரண்டு வருஷமாக மாதம் ஒரு தடவை ஆரணி.

"மேடம் சொல்லிட்டாங்க. சினாப்சிஸ் முடிஞ்சா டெய்லி லேபுக்கு வர வேணாம், ரூம்ல ஒக்காந்து எழுதுன்னு. கரையான்சாவடில ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். மாடி, ஒரே ரூம்தான், ஆனா வெளிச்சமா இருக்கு. வெள்ளிக்கிழமை சினாப்சிஸ், சனிக்கிழமை காலைல மொத பஸ். போய்த் தூக்கினு வந்துடுவேன்."

"நல்லது அக்கா."

"நீ இல்லன்னா அந்தப் படம் இவ்ளோ அழகா வந்திருக்காது யமுனா."

இன்று சொல்லாமல் விட்டது: அதேதான்.


ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வாங்கியது இன்னும் தீரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, என்ன, யாரோ அடிச்ச மாதிரி இருக்க?" என்றாள்.

சொன்னேன். அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் எனக்கே தெளியும். பெண்ணின் செல் ஒவ்வொன்றிலும் எக்ஸ் என்ற பொட்டலம் இரண்டு இருக்கும். ஒன்று போதும். அதனால் ஒரு ஜீன் உட்கார்ந்து இரண்டில் ஒன்றின் வாயை அடைத்து வைக்கும். ஆணுக்கு இருப்பதே ஒன்று. அடைக்க ஆள் தேவையில்லை. ஆக, அந்த வாயடைக்கிற ஜீன் எங்கே வேலை செய்கிறதோ அது பெண்.

"உள்ளுக்குள்ளயும் பொம்பள வாய மூடதுக்குன்னு ஒரு ஆளப் போட்டிருக்கானா?" என்றாள் அம்மா. இன்னொரு காயைப் பிளந்தாள். "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

"அவ எத்தன பேரு முன்னால போய் நிக்கப் போறா? அங்க ஒருத்தன் கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான்."

அம்மா தோலைத் தனியே ஒதுக்கினாள். "அப்ப இன்னும் மோசம்லா."


ஜனவரி 22, வியாழன்

மிளகு, தேங்காய் எண்ணெய், அம்மாவின் மாத்திரை. மூன்றும் வாங்கியாயிற்று.

மதியம் தினேஷ் சாப்பிடப் போனபோது ஏழையும் பதினொன்றையும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். ஆறியவர்கள் வரிசைக்கு ஏழு, ஆறாதவர்கள் வரிசைக்குப் பதினொன்று. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் தண்ணீர் குடித்தேன், என்னமோ பரீட்சை மாதிரி.

சிவப்பு போய்விட்டது. இரண்டு வரிசையும் ஒரே வெளிர் நிறம், வெளுத்த கைலி மாதிரி.

ஒரே ஒரு ஆள்தான். புண் ஆறிய ஒரு பெண். அவள் உடம்பில் அந்தப் புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது, காரணம் யாருக்கும் தெரியாது. அவளைக் கொண்டுபோய் ஆறாதவர்கள் வரிசையில் நிறுத்தினோம், மொத்த வரிசையும் அவளால் சிவந்தது. அந்த அம்மாளுக்குப் பெயர் கிடையாது, எங்களுக்கு எண் மட்டும்தான் வரும். புண் ஆறி, செருப்பு மாட்டிக்கொண்டு, இந்நேரம் எங்காவது பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். ஆறாதவர்கள் கூட்டத்தில் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

இதைத் தாண்டி ஒரு சின்ன விஷயமும் தெரிந்தது. மாற்றிப் போட்ட பிறகு கீழே வேறொரு புரதம், லேசான வித்தியாசம். மேஜையைத் தட்டுகிற அளவு இல்லை. ஆனால் இருக்கிறது.

பையில் இருக்கும் நாவலில் நாலு நாளாக ஒரே பக்கம். அதில் ஒரு மனிதன் தன் நண்பனிடம் ஒன்றைச் சொல்ல நூறு பக்கமாக முயன்றுகொண்டிருக்கிறான். போன வாரம் வரை அவன் மேல் எரிச்சலாக இருந்தது.

நாளை பூந்தமல்லி போகிறேன். பென் டிரைவ் கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம்.


ஜனவரி 23, வெள்ளி

அரை நாள் லீவு. பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது தப்பு, தலை முழுக்கத் தூசு.

லேபில் செல்வி அக்கா மட்டும். ஜூனியர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பெரிய ப்ரீசரைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள், குளிர்ப் புகை அவள் முட்டி வரைக்கும் வழிந்தது. கதவை மூடியபோது பார்த்தேன். கதவு நடுவில் சந்தனப் பொட்டு, காய்ந்து வெடித்து, மேலே குங்குமம். குழாய்களைச் சுழற்றும் மெஷின் மூடியிலும் ஒன்று. எங்கள் சர்வரிலும் இருக்கிறது, தினேஷ் வைத்தது. அக்டோபரில் ஆயுத பூஜைக்கு வைத்ததை யாரும் எங்கேயும் துடைப்பதில்லை.

நாலு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"அக்கா, ஏழு பொம்பள" என்றேன்.

சிரித்தாள். "ஏழு பொம்பளையா? எங்க?"

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை, அந்த ஜீனை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்த்தாள். இன்னும் கிட்டே வந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினாள்.

"இன்னா சொல்ற நீ" என்றாள் மெதுவாக. கேள்வி மாதிரி இல்லை. ஆரணிப் பேச்சு அவளிடம் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

அப்புறம் ப்ரீசர் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பொட்டை.

"பூஜை அன்னைக்கு" என்றாள்.

அவள் சொன்னது: பூஜை அன்று காலையில் லேப் முழுக்கக் கழுவினார்கள். ப்ரீசரில் பனி கட்டியிருந்தது, எல்லா ரேக்கையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து, உள்ளே சுரண்டித் துடைத்தார்கள். பூஜைக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஜூனியர் பெண்கள் குழாய்களையும் விடவில்லை. பனியைத் துடைக்க ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை நிற்காது. சாயங்காலம் பார்த்தால் சில குழாய்களில் எண்ணே இல்லை.

"வரிசையிலதான இருந்துச்சுன்னு வரிசைப்படி நானே எழுதினேன் யமுனா. மேலேருந்து கீழ. அவங்க திருப்பி வைக்கும்போது வரிசை மாறியிருக்கும்னு தோணவே இல்ல. அப்புறம் சுண்டல் சாப்ட்டோம்."

யார் மேலும் அவள் குறை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்று கேட்டாள். வெளுத்த படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வேற ஏதாச்சும் நிக்குதா?"

கீழே இருந்த அந்தச் சின்னப் புரதத்தைக் காட்டினேன்.

அவள் முகம் மாறிய விதம். "இது போதும்பா. சின்னதா இருந்தாலும் உண்மை. வெள்ளிக்கிழமை இத வச்சே நின்னுடலாம். ஏழையும் பதினொண்ணையும் மாத்திட்டா சரியாயிடும்ல?"

"பாக்கலாம் அக்கா."

காரிடாரில் யாரோ: "டேய், பிரியாணில முட்டை ஒண்ணுதான் வச்சான்டா, பாவி." சிரிப்புச் சத்தம். ஜூனியர்கள் திரும்பி வந்தார்கள். நான் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஏறும் முன்பே தெரிந்துவிட்டது. எனக்கு அங்கேயே தெரியும். அவள் கேட்டபோதே.


ஜனவரி 25, ஞாயிறு

கோயில் பக்கம் கூட்டம், எங்கள் தெரு வரை வண்டிகள். வாசலில் யாரோ கார் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா எட்டிப் பார்த்துப் பார்த்துத் திட்டினாள், கார் கேட்டுக்கொண்டது.

நேற்று எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்கும்:

ஆணும் பெண்ணும் மாறியதால்தான் மஞ்சள் வரி வந்தது. ஆணும் ஆணும் மாறியிருந்தால் வராது. பெண்ணும் பெண்ணும் மாறியிருந்தாலும் வராது. எத்தனை குழாய்களில் மை போனது என்று அக்காவுக்கே தெரியாது. 'சில' என்றாள். ஏழும் பதினொன்றும் எங்கள் கண்ணில் பட்ட இரண்டு, அவ்வளவுதான். அந்தச் சின்னப் புரதம் உண்மையா என்பதும் தெரியாது.

பத்தரைக்கு போன் செய்தேன். பின்னால் துணி துவைக்கும் சத்தம்.

"சொல்லு யமுனா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். புதுப் படம் எப்ப தருவ?"

"அக்கா, மத்த குழாய்..."

"ம்?"

சொன்னேன். இந்த முறை முழு வாக்கியங்களில். குழாய் தண்ணீர் நின்றது.

"அதாவது எதுவுமே நிச்சயம் இல்லங்கிற."

"ரத்தம் இருக்குல்ல அக்கா? ஒவ்வொருத்தர்கிட்டயும் எடுத்தது." அது வேறு ப்ரீசரில், அச்சடித்த ஸ்டிக்கரோடு இருக்கிறது, பூஜையன்று யாரும் தொடவில்லை. ஒவ்வொரு குழாயையும் அந்தந்த ஆளின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் எது யாருடையது என்று சொல்லிவிடலாம். எங்கள் சாஃப்ட்வேரில் அதற்கு வழி இருக்கிறது. "அத ஒப்பிட்டுட்டா தெரிஞ்சிடும்."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"கோடை தாண்டும்."

துவைக்கிற கல்லில் யாரோ வேறொருவர் துணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"நீ அன்னைக்கே தெரிஞ்சுதான் 'பாக்கலாம்'ன்ன."

"ஆமா அக்கா."

"திங்கக்கெழமை மீட்டிங்லயும் தெரியும்."

"ஆமா."

"எம் புள்ள என்ன யாருன்னு கேக்குது, யமுனா. நான் அதுக்கு இன்னா சொல்லட்டும்? கோடை தாண்டிச் சொல்றேன்னு சொல்லட்டுமா?"

வைத்துவிட்டாள்.


ஜனவரி 26, திங்கள்

லீவு. கீழே கொடி ஏற்றினார்கள். அசோசியேஷன் செயலாளர் நீளமாகப் பேசினார், பாதிக்கு மேல் தண்ணீர் லாரி பற்றி. ஆளுக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய்.

செல்வி அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

அவள் சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டை மட்டும் மாற்றி, சின்னப் புரதத்தைக் காட்டி, வெள்ளி நின்று, சனி பஸ் ஏறலாம். நானும் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேனா? தெரியவில்லை. அவள் என்ன செய்தாலும் என்னால் அவளைக் குறை சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

அம்மா: "அந்தக் குழந்தை பேரு என்ன?"

"தெரியாதும்மா. பாப்பான்னுதான் சொல்வா."

"இத்தன நாளு பழகுத, பேரு கேக்கலியா? நல்லா படிச்ச போ."


ஜனவரி 28, புதன்

மேகம். மழை இல்லை.

பிரபு சார் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. மேடம் போன் செய்திருக்கிறார். செல்வி அக்கா நேற்றுக் காலை தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், முதல் வரியிலிருந்து.

"நம்ம டூல்ல வார்னிங் வந்துச்சாமே, ஏன் மறைச்சு வச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க. யமுனா, அத ஏன் மறைச்சு வச்சோம்?"

"நீங்க சொன்னீங்க சார்."

வானகரம் வரை போகாமல், அங்கேயே, அவர் முகத்துக்கு நேராக. தினேஷுக்குத் திடீரென்று இருமல் வந்து எழுந்து வெளியே போனான்.

சார் பேனாவை மூடினார். திறந்தார். "சரி. மொதப் பக்கத்துக்குக் கொண்டு வந்துடு."

கொண்டு வந்துவிட்டேன். மதியத்துக்குள். மஞ்சளைக் கொஞ்சம் ஆரஞ்சாக்கினேன்.

தினேஷ்: "இன்னாத்துக்கும்மா இவ்ளோ நாளு வாயில கொழுக்கட்ட வெச்சிகினு இருந்த? வந்தா சூப்பரா வருதே!"

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் கோபம் இல்லை. மேடம் திட்டுவார் என்று நினைத்துப் போனாளாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம், எத்தனை குழாய் என்று. தெரியல மேடம் என்றாளாம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மேடம், "அன்னைக்கு நானும்தானே நின்னு பொட்டு வச்சேன்" என்றாராம். அவ்வளவுதான். கமிட்டிக்கு அவரே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை இல்லை.

"இனிமே ஒவ்வொரு குழாயா, மொதல்லேருந்து. நீ ஓட்டித் தருவியா?"

"தரேன் அக்கா."

"இந்த வாட்டி ஏதாச்சும் தெரிஞ்சா ஒடனே சொல்லு. வடைய கீழ வச்சிட்டுச் சொல்லு."

தினேஷ்தான் உளறியிருக்கிறான். வேறு யாருக்கும் வடை தெரியாது.

கேட்டேன். பாப்பா பெயர் தமிழினி.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா தமிழினி, தமிழினி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், கரையான்சாவடியிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று.


ஜனவரி 31, சனி

நல்ல வெயில். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கரும்புச்சாறு.

சினாப்சிஸ் நடக்கவில்லை, எப்போது என்று தேதியும் இல்லை. செல்வி அக்கா நேற்றுக் காலை ஆரணி போனாள். இன்று மத்தியானம் திரும்பி வந்தாள். இடுப்பில் தமிழினி, தோளில் ஒரு பை, குழந்தையின் கையில் பிளாஸ்டிக் யானை. நான் பையை வாங்கிக்கொண்டேன். யானையை யாராலும் வாங்க முடியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அக்கா கரையான்சாவடி மாடி வீட்டிலிருந்து லேபுக்குப் போகிறாள். பகலில் குழந்தை எங்கள் வீட்டில், அம்மாவிடம்.